வெங்காயத் தோலில் தொடங்குங்கள்: வீட்டிலேயே செல் பார்க்க ஒரு வழிகாட்டி

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குக் கொஞ்ச தூரத்தில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் மொட்டை மாடியில் ஒரு மேசை போடுவேன். அதன் மேல் ஒரு மைக்ரோஸ்கோப், கொஞ்சம் ஸ்லைடுகள், ஒரு கிண்ணத்தில் தண்ணீர், பாதி வெங்காயம். தெருப் பிள்ளைகள் வருவார்கள். முன்பெல்லாம் விட்டுவிட்டுப் போய்விடும் அப்பா அம்மாக்களும் இப்போது வரிசையில் நிற்கிறார்கள்.

இருபத்திரண்டு வருடம் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள் நான். செல் என்றால் எல்லா உயிர்களின் உடம்பும் கட்டப்பட்டிருக்கும் மிகச் சின்ன அலகு. செல்களைப் பார்ப்பதும் எண்ணுவதும்தான் என் பிழைப்பு. ஒருமுறை, பள்ளியில் தாவர செல் படம் வரைந்து முழு மார்க் வாங்கிய ஒருவர் வெங்காயத் தோலை முதல் தடவையாக லென்ஸில் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா அக்கா?" என்று கேட்டார். எனக்கு அன்று முழுக்க மனசு கேட்கவில்லை. அவர் தேடியது புத்தகத்துப் படத்தை. நடுவில் உருண்டையாக உட்கரு, பக்கத்தில் கோல்கை, சுற்றிலும் மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் என்று செல்லின் உள்ளுறுப்புகள் எல்லாம் கலர் கலராக. அப்படி ஒரு செல் எந்த உயிரிலும் கிடையாது. பல செல்களில் இருப்பதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதற்காக ஒரே தாளில் சேர்த்து வரைந்தது அது. கல்யாணச் சாப்பாட்டு இலையின் படத்தைப் பார்த்துவிட்டு, நம் வீட்டில் தினமும் அப்படித்தான் பரிமாறுவார்கள் என்று நினைக்கலாமா?

அதனால் புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முதலில் பாருங்கள். பார்த்ததை வரையுங்கள். பேர் வைப்பது கடைசியில் இருக்கட்டும்.

பேர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மேசையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் 'செல்' என்பார்கள், கன்னட வழியில் படிப்பவர்கள் 'ஜீவகோஷ' என்பார்கள், தமிழ்ப் புத்தகம் படித்த பெரியவர்கள் 'உயிரணு' என்பார்கள். 'கண்ணறை' என்றும் ஒரு பழைய சொல் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும். வெங்காயத் தோலை லென்ஸில் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருத்தம் தானாகப் புரியும்.

என்னென்ன வேண்டும்

பள்ளி லேபுகளில் இருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப் போதும். கண் வைக்கும் லென்ஸ் 10 மடங்கு, கீழே சுழலும் லென்ஸ்கள் 4, 10, 40 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 40, 100, 400 மடங்கு கிடைக்கும். பழையது வாங்கினாலும் தப்பில்லை, லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கடையில் '1200 மடங்கு' என்று போட்ட பிளாஸ்டிக் மைக்ரோஸ்கோப் ஒன்றை வாங்கிவந்தேன். எதை வைத்தாலும் பெரிய மங்கல்தான் தெரிந்தது. பெரிதாகக் காட்டுவது வேறு, தெளிவாகப் பிரித்துக் காட்டுவது வேறு. சாதாரண வெளிச்சத்தில் பார்க்கும் எந்த மைக்ரோஸ்கோப்பாலும் ஏறக்குறைய 0.2 மைக்ரோமீட்டருக்குள் நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்ட முடியாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரோமீட்டர். நமக்கு 400 மடங்கு தாராளம்.

அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவருடைய மாணவர்களும் உருவாக்கி 2014-இல் வெளியிட்ட காகித மைக்ரோஸ்கோப் அது. மடித்துச் செய்வது, சட்டைப்பையில் போகும், ஏறக்குறைய 140 மடங்கு காட்டும். வெங்காயத்துக்கும் கன்னத்துச் செல்லுக்கும் அது போதும்.

மற்றவை: ஸ்லைடு, அதன் மேல் மூடும் மெல்லிய கவர் ஸ்லிப், சொட்டுமருந்துக் குழாய், டிஷ்யூ காகிதம், காது குடையும் பஞ்சுக் குச்சி, கோடு தெளிவாகத் தெரியும் பிளாஸ்டிக் ஸ்கேல், பென்சில், கோடு போடாத நோட்டு. சாயத்துக்கு இரண்டு பொருள். மெடிக்கல் ஷாப்பில் புண்ணுக்குப் போட விற்கும் பழுப்பு நிற அயோடின் மருந்து ஒன்று. இன்னொன்று மெத்திலீன் ப்ளூ. இதைத் தேடி லேப் சாமான் கடைக்கு அலைய வேண்டாம், மீன் தொட்டிக் கடையிலேயே கிடைக்கும். மீனுக்குப் பூஞ்சை பிடித்தால் தண்ணீரில் விடும் நீல மருந்து அதுதான். இரண்டையுமே தண்ணீர் விட்டு வெளிர் நிறமாக்கிக்கொள்ளுங்கள். நீலம் சட்டையில் பட்டால் போகாது.

கவர் ஸ்லிப் உடைந்தால் விரலை அறுத்துவிடும். பிள்ளைகள் கையில் கொடுப்பதாக இருந்தால் பக்கத்திலேயே இருங்கள்.

செல்லுக்கு முன்னால் ஸ்கேல்

இந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டாம். எல்லோரும் ஆவலாக வெங்காயத்தைத்தான் எடுப்பார்கள். நான் முதலில் ஸ்கேலை வைக்கச் சொல்வேன்.

மைக்ரோஸ்கோப்பைச் சன்னலோரம் வையுங்கள். கீழே கண்ணாடி உள்ள மாடல் என்றால் அந்தக் கண்ணாடியைச் சூரியனை நோக்கி நேராகத் திருப்பவே கூடாது, கண் போய்விடும். வெள்ளைச் சுவர் அல்லது வெறும் வானத்தின் வெளிச்சம் போதும். ஆகச் சின்ன 4 மடங்கு லென்ஸைக் கீழே கொண்டுவந்து, அதன் கீழ் ஸ்கேலின் கோடுகள் வரும்படி வையுங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்துக்கொண்டே லென்ஸை ஸ்கேலுக்குக் கிட்டத்தில் இறக்குங்கள். அப்புறம் கண்ணை வைத்து, லென்ஸை மெதுவாக விலக்கிக்கொண்டே வாருங்கள். எந்த லென்ஸ் ஆனாலும் இதே முறைதான். கண்ணை வைத்தபடி கீழே இறக்கினால் ஸ்லைடும் உடையும், லென்ஸும் கீறும்.

வட்டத்துக்குள் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது? பெரும்பாலும் நாலு, நாலரை இருக்கும். நாலரை என்றே வைத்துக்கொள்வோம். 10 மடங்கு லென்ஸுக்கு மாறினால் வட்டத்தின் அகலம் இரண்டரையால் வகுபடும், அதாவது 1.8 மில்லிமீட்டர். 40 மடங்கு லென்ஸில் 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரோமீட்டர். இந்த மூன்று எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். இனிமேல் எதைப் பார்த்தாலும் "இது எவ்வளவு பெரிசு?" என்ற கேள்விக்கு விடை கையில் இருக்கும்.

ஸ்கேலை இடப்பக்கம் நகர்த்திப் பாருங்கள், உருவம் வலப்பக்கம் ஓடும். பழகப் பத்து நிமிடம் ஆகும்.

வெங்காயம்

வெங்காயத்தை நாலாக வெட்டுங்கள். ஒரு இதழைத் தனியாக எடுத்து, அதன் குழிந்த உட்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஈரமான, கண்ணாடி மாதிரியான ஒரு மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். இதழை இரண்டாக ஒடித்து இழுத்தால் தோல் மட்டும் தனியாக வரும். அதில் ஒரு பட்டாணி அளவுக்குத் துண்டு போதும். அந்தத் தோல் சரியாக ஒரு செல் கனம்தான். அதனால்தான் உலகம் முழுக்க இந்தப் பாடம் வெங்காயத்தில் தொடங்குகிறது. காம்பையோ தண்டையோ வைத்தால் ஒன்றின் மேல் ஒன்றாகச் செல்கள் அடுக்கி, வெளிச்சமே போகாது.

ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர். அதில் தோலை மடங்காமல் விரியுங்கள். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பைத் தண்ணீரில் தொடவைத்து, மறு விளிம்பைச் சாய்வாக, மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று போட்டால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். சுற்றிலும் தடித்த கறுப்பு வளையத்தோடு, கச்சிதமான வட்டமாக ஏதாவது தெரிந்தால் அது செல் இல்லை, காற்று. முதல் நாளில் "கண்டுபிடிச்சிட்டேன்!" என்ற கூச்சல் பெரும்பாலும் இந்தக் குமிழிக்குத்தான் கேட்கும்.

சாயம் இல்லாமல் ஒருமுறை பாருங்கள். செங்கல் சுவர் மாதிரி நீள நீளமான அறைகள். 10 மடங்கு லென்ஸில் வட்டத்தின் குறுக்கே எத்தனை அறை நீளவாக்கில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். ஆறு என்றால் 1.8-ஐ ஆறால் வகுத்து, ஒரு செல் 0.3 மில்லிமீட்டர். ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் மூன்று செல்கள் நீட்டிப் படுத்திருக்கின்றன. இந்தக் கணக்கு முடிந்ததும் பிள்ளைகள் ஸ்கேலைக் கண்ணுக்கு நேரே பிடித்து அந்த ஒரு மில்லிமீட்டரையே உற்றுப் பார்ப்பார்கள். எனக்கு அந்த நிமிடம் ரொம்பப் பிடிக்கும்.

ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1665-இல் தக்கையைச் சீவிப் பார்த்தபோது கண்டதும் இப்படிப்பட்ட அறைகளைத்தான். துறவிகள் தங்கும் சிற்றறைகளுக்கு இருந்த பேரையே அவற்றுக்கும் வைத்தார். அந்தத் தக்கையில் உயிர் இல்லை, குடித்தனம் காலி செய்துபோன வீடு மாதிரி வெறும் சுவர் மட்டும்தான் மிச்சம். உங்கள் வெங்காயத்தில் குடியிருப்பவர்கள் இன்னும் உள்ளேயே இருக்கிறார்கள்.

இப்போது சாயம். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் அயோடின் ஒரு சொட்டு விட்டு, எதிர் விளிம்பில் டிஷ்யூவைத் தொடவையுங்கள். டிஷ்யூ தண்ணீரை உறிஞ்ச, சாயம் தானாக உள்ளே போகும். மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு அறையிலும் மஞ்சள் கலந்த பழுப்பில் ஒரு உருண்டை. அதுதான் உட்கரு. இது ஒவ்வொரு செல்லிலும் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைக் கவனித்து அதற்குப் பேர் கொடுத்தவர் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன், 1831-இல், ஆர்க்கிட் செடிகளை ஆராய்ந்தபோது.

உருண்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நடுவில் இருக்காது, சுவரோரமாக ஒட்டிக் கிடக்கும். ஏன்? அந்த அறையின் பெரும்பகுதியை நீர் நிறைந்த ஒரு பை அடைத்துக்கொண்டிருக்கிறது. வாக்குவோல் என்பார்கள். உட்கருவும் மற்றதும் அந்தப் பைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடுக்கில் வசிக்கின்றன. சில செல்களில் உட்கரு நடுவில் மிதப்பதுபோலத் தெரியும். தெளிவைச் சரிசெய்யும் சின்னத் திருகான நுண்திருகை மெல்லத் திருகினால் அந்த உட்கரு தெளியும்போது பக்கச் சுவர் மங்கும், சுவர் தெளியும்போது உட்கரு மங்கும். அதாவது அது மேல் சுவரிலோ கீழ்ச் சுவரிலோ ஒட்டியிருக்கிறது, நாம் மேலிருந்து பார்க்கிறோம். செல் ஒரு பெட்டி, தாளில் வரைந்த கட்டம் அல்ல என்பதைத் திருகைத் திருப்பிய அந்த விரல்தான் முதலில் தெரிந்துகொள்கிறது.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். புத்தகத்துத் தாவர செல்லில் பச்சைப் பசுங்கணிகம் இருக்குமே, இங்கே எங்கே? கிடையாது. மண்ணுக்குள் இருட்டில் இருக்கும் இதழுக்கு வெயிலில் உணவு சமைக்கும் வேலை இல்லை. நோட்டில் நீங்கள் வரைந்த படத்தில் பச்சை இல்லை என்றால் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் கன்னம்

வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை லேசாக நாலு தடவை தேயுங்கள். சுரண்ட வேண்டாம், அங்கே மேலடுக்குச் செல்கள் தினமும் தாமாகவே உதிர்கின்றன. குச்சியை ஸ்லைடில் உருட்டி, ஒரு நிமிடம் காயவிட்டு, மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு விட்டுக் கவர் ஸ்லிப்பை மூடுங்கள். ஒருவர் குச்சியை இன்னொருவர் தொடக்கூடாது. முடிந்ததும் ஸ்லைடையும் குச்சியையும் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் போடுங்கள்.

முதலில் சின்ன லென்ஸில் தேடி, கண்டுபிடித்த பிறகு 40-க்குப் போங்கள். அப்பளத்தை ஓரத்தில் லேசாக மடித்ததுபோல ஒழுங்கில்லாத தட்டைச் செல்கள், ஒவ்வொன்றிலும் நடுவில் அடர் நீலப் புள்ளி. வட்டம் 450 மைக்ரோமீட்டர், குறுக்கே ஏழெட்டுச் செல் அடங்கினால் ஒன்று 60 மைக்ரோமீட்டர் சொச்சம். அந்த நீலப் புள்ளிக்குள் பரம்பரைக் குறிப்புகளைத் தாங்கும் டிஎன்ஏ இழை ஏறக்குறைய 2 மீட்டர் நீளத்துக்கு மடங்கிச் சுருண்டு இருக்கிறது. ஐந்தரை மீட்டர் புடவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்த ஒப்பீட்டைச் சொன்னதும் எதிர்வீட்டுப் பாட்டி தன் முந்தானையை எடுத்து நீட்டிப் பார்த்தார்.

எங்கள் மாடியில் எட்டாவது படிக்கும் ஒரு பெண் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆன்ட்டி, அதுல செவுரு இருக்கு, இதுல இல்ல. அது நீட்டு, இது கோணல். ரெண்டும் எப்படி ஒண்ணு?" இது நியாயமான கேள்வி. ஹூக் பார்த்ததற்குப் பிறகு 170 வருடத்துக்கு மேல் ஆயிற்று அதற்கு விடை வர. செடியின் எல்லாப் பாகமும் செல்களால் ஆனது என்று 1838-இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஷ்லைடன் சொன்னார். விலங்குக்கும் அப்படியே என்று அடுத்த வருடம் இன்னொரு ஜெர்மன் ஆய்வாளர் ஷ்வான் சொன்னார். சுவர் இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம், வடிவம் எப்படியும் மாறலாம். சவ்வு என்ற மெல்லிய உறை சுற்றி வளைத்த ஒரு சின்ன இடம், அதற்குள் தன் வேலையைத் தானே நடத்தும் ஒரு ஏற்பாடு, அதை நடத்தும் குறிப்பு. அது இரண்டிலும் பொது. அந்தப் பெண் வரைந்த இரண்டு படத்திலும் பொதுவாக இருந்தது அந்தப் புள்ளி. அவளே விரல் வைத்துக் காட்டினாள்.

கன்னத்துச் செல்லின் மேல் பொடிப் பொடியாக நீலத் தூசு தெரிந்தால் அது அழுக்கல்ல, பாக்டீரியா. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர். டச்சுத் துணி வியாபாரி லீவன்ஹூக் தன் பல்லில் இருந்து சுரண்டியதில் இவற்றைக் கண்டு 1683-இல் கடிதம் எழுதினார். எல்லோர் வாயிலும் இருக்கின்றன, பயப்பட ஒன்றுமில்லை.

உப்பும் ஊதா இலையும்

மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் ஊதாவாக, வாள் மாதிரி நீண்ட இலையுள்ள ஒரு அலங்காரச் செடி பெங்களூரில் அபார்ட்மெண்ட் வாசல், பார்க் ஓரம் எங்கும் வைத்திருப்பார்கள். நர்சரியில் 'ரியோ' என்று கேட்டால் தருவார்கள். சாறு சிலருக்குத் தோலில் அரிக்கும், கை கழுவிக்கொள்ளுங்கள். இலையைச் சாய்வாகக் கிழித்தால் அடிப்பக்கத்து ஊதாத் தோல் ஓரத்தில் மெல்லியதாக நீட்டிக்கொண்டு வரும். அதைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். சாயமே வேண்டாம். ஊதா நிறம் நிறைந்த அறுகோண அறைகள், நடுநடுவே உதடு மாதிரி இரண்டு செல்கள் சேர்ந்த இலைத்துளைகள்.

இப்போது ஒரு பக்கம் உப்புத் தண்ணீர் விட்டு, எதிர்ப்பக்கம் டிஷ்யூவால் இழுங்கள். கண்ணை எடுக்காமல் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் ஊதா நிறம் மூலைகளை விட்டு விலகும், பிறகு நாலு பக்கமும் சுவரை விட்டுச் சுருங்கி நடுவில் ஒரு உருண்டையாகும். சுவர் அங்கேயே நிற்கும். செல்லுக்குள் இருந்த தண்ணீர் உப்பு இருக்கும் பக்கம் வெளியேறிவிட்டது. ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அது இப்படி லட்சக்கணக்கான செல்களில் இருந்து வந்த தண்ணீர்தான். என் அம்மா "மாங்கா தண்ணி விட்டுக்கிச்சு" என்பார். எங்கிருந்து விட்டது என்பதை நான் லேபுக்கு வேலைக்குப் போன பிறகுதான் கண்ணால் பார்த்தேன்.

உடனே வெறும் தண்ணீரை அதே முறையில் செலுத்திப் பாருங்கள். ரொம்ப நேரம் ஆகியிருக்காவிட்டால் செல் மறுபடி உப்பிச் சுவரைத் தொடும். திரும்பாத செல்களும் இருக்கும், அவை செத்தவை. சவ்வு வேலை செய்கிறது என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது. இந்த இலையைத் தவிர்க்க வேண்டாம்.

மீன் தொட்டிக் கடைக்குப் போகும்போது ஹைட்ரில்லாக் கொடி ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். நுனி இலை இரண்டு செல் கனம்தான், அப்படியே ஸ்லைடில் வைக்கலாம். பச்சை உருண்டைகள்தான் பசுங்கணிகங்கள். அசையாமல் இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் பத்து நிமிடம் வையுங்கள், ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரோரம் நகர ஆரம்பிக்கும்.

வீட்டில் இருக்கும் ரத்த ரிப்போர்ட்

ரத்தம் பார்க்க வீட்டில் விரலைக் குத்த வேண்டாம். என் அனுபவத்தில் அதை அழுத்திச் சொல்கிறேன். அலமாரியில் பழைய ரிப்போர்ட் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிவப்பணு 45 லட்சம், 50 லட்சம் என்ற கணக்கில் இருக்கும். அது ஒரு மைக்ரோலிட்டரில் இருப்பது, அதாவது ஒரு மில்லிமீட்டர் நீள, அகல, உயரமுள்ள கனசதுரத்தில். ஸ்கேலில் பார்த்த அதே மில்லிமீட்டர். சிவப்பணு ஒன்று 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் அகலம், நடுவில் குழிந்த தட்டு, உட்கருவே கிடையாது. ஆக்சிஜன் சுமக்க இடம் வேண்டும் என்று முதிரும்போது அதை வெளியே தள்ளிவிடுகிறது. 120 நாள் வாழும். வெள்ளையணு அதே அளவு ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை. மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது எல்லோரும் விசாரிக்கும் பிளேட்லெட் சாதாரணமாக ஒன்றரை லட்சத்தில் இருந்து நாலரை லட்சம் வரை. அது முழு செல்லே இல்லை, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு பெரிய செல்லில் இருந்து பிய்ந்து வரும் துணுக்கு. எண் குறைந்தாலோ கூடினாலோ பேச வேண்டியது டாக்டரிடம்.

நம் உடம்பில் மொத்தம் 30 லட்சம் கோடிக்கு மேல் செல்கள் இருக்கும் என்பது இன்றைய கணிப்பு. எண்ணிக்கையில் பெரும்பங்கு இந்தச் சிவப்பணுக்கள்தான்.

உறைமோர்

தமிழ்நாட்டில் இருந்து புதிதாகப் பெங்களூர் வந்தவர்கள் டிசம்பரில் சொல்லும் முதல் குறை, "தோசை மாவு பொங்கவே மாட்டேங்குது". மாவைப் புளிக்கவைப்பது லியூகோனோஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள். குளிரில் அவை பெருகும் வேகம் குறைகிறது. சென்னையில் ஒரு ராத்திரியில் நடப்பது இங்கே மறுநாள் மதியம் வரை இழுக்கும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைக்கிறோமே, அது அந்தச் செல்களுக்குத்தான்.

மோரில் ஒரு சொட்டைத் தண்ணீரில் பத்து மடங்கு கரைத்து, ஸ்லைடில் மெல்லத் தடவிக் காயவிட்டு, மெத்திலீன் ப்ளூ விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் தண்ணீரில் அலசுங்கள். 400 மடங்கில் மிகச் சின்னக் குச்சிகளும் மணிகளும் கோத்ததுபோலத் தெரியும். உள்ளே எதுவும் பிரிந்து தெரியாது, இந்தச் செல்களில் உட்கரு கிடையாது. பெருகுவதைக் கண்ணால் பார்க்க ஈஸ்ட் வசதி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் உலர் ஈஸ்ட்டும் போட்டு அரை மணி நேரம் வைத்து ஒரு சொட்டுப் பாருங்கள். உருண்டைச் செல்லின் தோளில் ஒரு சின்ன மொட்டு ஒட்டியிருக்கும். சிலவற்றில் மொட்டு தாயில் பாதி அளவுக்கு வளர்ந்திருக்கும்.

செல்லில் இருந்துதான் செல் பிறக்க முடியும் என்பதை 1855-இல் ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ ஒரு கொள்கையாக எழுதினார். அதற்கு முன்பே ரீமாக் என்ற ஆய்வாளர் அதைப் பார்த்திருந்தார். நம் வீடுகளில் இது அன்றாட வேலை. எவ்வளவு நல்ல பாலானாலும் ஒரு கரண்டி பழைய தயிர் விட்டுத்தான் தோய்க்கிறோம். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த அன்று, பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவிடம் டம்ளரை நீட்டி உறைமோர் வாங்கினேன். இன்று காலை என் வீட்டில் தோய்ந்த தயிரில் இருக்கும் செல்கள் அந்த டம்ளரில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள். நடுவில் எத்தனை ஆயிரம் தலைமுறை என்று கணக்குப் போட முயன்று விட்டுவிட்டேன்.

ஒரே செல்லாக ஒரு முழு உயிர்

கடைசியாக இது. ஒரு பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர், கொதிக்கவைத்து ஆறவைத்த காய்ந்த புல் ஒரு கைப்பிடி, பூந்தொட்டித் தட்டில் அல்லது குளத்தோரத்தில் எடுத்த தண்ணீர் ஒரு டம்ளர். ஏரித் தண்ணீரைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாட்டில் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். ஒரு வாரத்தில் மேலே ஒரு ஆடை படியும், நாற்றமும் வரும். அந்த ஆடைக்குச் சற்றுக் கீழே இருந்து ஒரு சொட்டு எடுங்கள்.

பெங்களூர் லால்பாக் பூங்காவில் இருக்கும் பாறை மேல் ஏறியிருப்பீர்கள். அதன் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. அது உருவான காலத்தில் பூமியில் இருந்த உயிரெல்லாம் ஒற்றைச் செல்தான். மரமில்லை, மீனில்லை, புழுகூட இல்லை.

நாம் எடுத்த சொட்டில் இருக்கும் ஒற்றைச் செல் உயிர்கள் வேகமாக ஓடும், கண் பின்தொடராது. மருத்துவப் பஞ்சில் நாலைந்து இழைகளைப் பிய்த்து அதில் போட்டு, கவர் ஸ்லிப்பை மூடுங்கள். இழைகள் வேலி மாதிரி அவற்றைத் தடுக்கும். 100 மடங்கில் தேடுங்கள். செருப்பின் அடிப்பாகம் போன்ற வடிவில், நீளம் மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு மூன்று பங்கு, சுழன்றுகொண்டே நீந்துவது பாரமீசியம். ஓரமெல்லாம் மயிர் போன்ற சிலியாக்கள் அடித்துக்கொண்டிருக்கும். அது ஒரே செல். வாய் போன்ற பள்ளம் உண்டு, இரைப்பை போன்ற குமிழ்கள் உண்டு. உள்ளே புகும் அதிகப்படி தண்ணீரை நட்சத்திர வடிவில் ஒரு குமிழ் சேர்த்துச் சேர்த்து வெளியே தள்ளும். அது சுருங்குவதற்கும் அடுத்த தடவை சுருங்குவதற்கும் நடுவில் எத்தனை விநாடி என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம் அது பஞ்சு இழையில் முட்டும் வரை காத்திருங்கள். முட்டும், கொஞ்சம் பின்னால் போகும், லேசாகத் திரும்பி மறுபடி முன்னால் வரும். வழி கிடைக்கும் வரை அப்படியே செய்யும்.